பாலில் கலந்த பிரசாதம்

என் வீட்டுக்காரர் அந்த ஆளை முதலில் பார்த்தது போன மார்கழியில். வடக்கே, கிட்வாய் நகரில் எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில்.

"ஏட்டி, குளிருல யாரோ நிக்காங்க. உள்ள வரச் சொல்லு."

திறந்து பார்த்தேன். பனிமூட்டம்தான் இருந்தது. மறுநாளும் சொன்னார். அதற்கடுத்த நாள், அந்த ஆள் உள்ளே வந்து சோபாவில் உட்கார்ந்துவிட்டார் என்றார். சோபா காலியாகத்தான் இருந்தது.

அவருக்கு ஆறு வருஷமாகப் பார்க்கின்சன் நோய். ஐப்பசியில் ஒரு ஆஸ்பத்திரியில் புது மருந்து ஆராய்ச்சியில் சேர்ந்தார். கொடுப்பது மருந்தா, வெறும் மாவு மாத்திரையா என்று டாக்டருக்கே தெரியாதாம். "நமக்கு இல்லாட்டாலும் பின்னால வாரவங்களுக்கு ஆகும்லா" என்றார். நடுங்கும் கையால் கையெழுத்துப் போட்டு முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

அவருக்குப் பெரிய மனசு. எனக்கு அவ்வளவு இல்லை. மாவு மாத்திரையாக இருந்துவிட்டால்? நடுக்கத்துக்கு நல்லதென்று அம்பாசமுத்திரத்திலிருந்து மதினி அனுப்பிய பூனைக்காலி விதைச் சூரணத்தை முருகன் படத்தடியில் வைத்துக் கும்பிட்டு, தினமும் பாலில் கலந்து கொடுத்தேன். அவரிடமும் சொல்லவில்லை. ஆராய்ச்சி நர்ஸ் ஒவ்வொரு தடவையும், நாட்டு மருந்து ஏதாவது கொடுக்கிறீர்களா என்று கேட்பாள். இல்லை என்பேன். சாமி முன்னால் வைத்தபின் அது பிரசாதம்தானே என்று எனக்கு நானே வக்கீலாகிக்கொண்டேன்.

தை பிறந்தது. அவர் கைகால்கள் தாமாகவே நெளிந்தன. சோபாவில் அந்த ஆளுக்கு இடம் விட்டு ஓரமாக உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியில் இதையெல்லாம் சொன்னேன், சூரணத்தை மட்டும் சொல்லவில்லை. நோய் முற்றுகிறதென்று பயந்துபோய் இன்னும் ஒரு கரண்டி கூடுதலாகக் கலந்தேன்.

கிருத்திகையன்று கோவிலில் அழுதேன். "முருகா, யார் இவரை இப்படி ஆக்குறது? காட்டிக் கொடு."

வீட்டுப் படி ஏறும்போதே போன். அந்த நர்ஸ். புது மருந்தால்தான் இப்படி என்று டாக்டர் எழுதப்போகிறாராம். "ஆன்ட்டி, ஸோச்கே போலியே. ஔர் குச் தேதே ஹைம் க்யா?" யோசித்துச் சொல்லுங்கள், வேறு ஏதாவது கொடுக்கிறீர்களா?

நான் முருகனைக் கேட்டேன். அவன் என்னைத் திருப்பிக் கேட்டான். படியிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அன்றே வரச் சொன்னார்கள். அவர் முன்பிருந்தே சாப்பிடும் மாத்திரையில் உள்ள மருந்துதான் அந்த விதையிலும் இருக்கிறது, இரண்டும் சேர்ந்து அளவு மீறியதால்தான் நெளிவும், இல்லாத ஆள் கண்ணுக்குத் தெரிவதும் என்றார் டாக்டர். இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ஆராய்ச்சியிலிருந்து என் வீட்டுக்காரரை விலக்கிவிட்டார்கள். அது என்னால் வந்த வினை.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா." அவர் சொன்னது அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

சூரணத்தை நிறுத்தி, டாக்டர் சொன்னபடி மாத்திரை கொடுத்தேன். நெளிவு அடங்கியது. பங்குனி உத்திரத்தன்று சோபாவை உற்றுப் பார்த்துவிட்டு, நடுவில் போய் உட்கார்ந்தார். முருகா, அது போதும் எனக்கு.

நோய் போகவில்லை. ஆனால் இப்போது டாக்டரிடம் திருநீற்றுப் பொட்டலத்தைக்கூடக் காட்டிவிடுகிறேன். டாக்டரும் சிரிக்கிறார்.

அடியார்களே, நம்பிக் கேளுங்கள். அவன் திருப்பிக் கேட்டால் மறைக்காதீர்கள். நான் இன்றைக்கும் கதவைத் திறந்தால் வாசலை ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன்.