மெர்சி சொன்ன பிழை

போன செவ்வாய்க்கிழமை கம்பைலரில் ஒரு பிழையைத் திருத்தினேன். ஒரே வரி. பத்து நிமிஷ வேலை.

கம்பைலர் என்றால்… மனுஷன் எழுதுகிற புரோகிராமைச் சிப்புக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தரும் சாப்ட்வேர். ஒரு சின்ன சிப்புக்கு அதை எழுதியவன் நான். வேகத்துக்காக ஒரு வேலை செய்து வைத்திருந்தேன்; ஆப்டிமைசேஷன் என்போம். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பதினாறு பிட் எண்கள் இருந்தால், சேர்த்து ஒரே முப்பத்திரண்டு பிட்டாகப் படித்துவிடும்.

அந்தச் சிப்பில் முப்பத்திரண்டு பிட் வகையே கிடையாது. ஒரு எண் காணாமல் போகும். சேர்ப்பதற்கு முன்னால், இந்த வகை இந்தச் சிப்புக்கு ஆகுமா என்று பார்க்க வேண்டாமா? நான் பார்க்கவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்பே மெர்சி சொன்னாள். அப்போது தச்சநல்லூரில் பம்ப்செட் கன்ட்ரோலர் செய்யும் பட்டறையில் புரோகிராமர்; என் கம்பைலரைத்தான் பயன்படுத்தினாள்.

"அண்ணாச்சி, கிணத்துல தண்ணி வத்துனாலும் மோட்டார் நிக்க மாட்டேங்கு. ஆப்டிமைசேஷன நிறுத்துனா ஒழுங்கா நிக்கி. உங்க பக்கம் ஒருக்கா பாருங்களேன்."

"நீ எழுதுன கோடைப் பாரும்மா."

"மூணு தடவ பாத்துட்டேன்."

"நாலாவது தடவ பாரு."

எங்கள் தொழிலில் இது வழக்கம். பிழை என்று யார் வந்தாலும் அவர்கள் கோடைத்தான் கைகாட்டுவோம். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் அது மட்டும்தானா? அவள் எம்.சி.ஏ. நான் பத்தாவதோடு நின்றவன். இவள் என்ன எனக்குச் சொல்வது — அப்படி ஒரு நினைப்பு.

இரண்டு மோட்டார் கருகியதும் அவள் முதலாளி போன் போட்டார். "யாரு தப்பு வே?"

"அந்தப் பிள்ள கோடு" என்றேன். திறந்துகூடப் பார்க்காமல்.

மறுநாள் அவளை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்.

போன வாரம் வேறொருவர் அதே புகாரோடு வந்தார். அப்போதுதான் என் பக்கத்தைப் பார்த்தேன். காணாமல் போனது கிணற்றில் தண்ணீர் எவ்வளவு என்று சொல்லும் எண்.

மெர்சி இப்போது ராதாபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் இருக்கிறாள். போன் செய்து சொன்னேன்.

"எங்கிட்ட எதுக்கு அண்ணாச்சி சொல்லுதிய? எனக்குத்தான் அப்பமே தெரியுமே. அவர்ட்டப் போய்ச் சொல்லுங்க."

போய்ச் சொன்னேன். முதலாளி கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"அப்பம் அந்தப் பிள்ள மேல தப்பே இல்லியா?"

"இல்ல அண்ணாச்சி. என் மேலதான்."

"இத அன்னைக்கே சொல்லிருக்கலாம்லா வே… அந்த எடத்துக்கு வேற ஆளு வந்தாச்சே."

கம்பைலருக்குப் புது வெர்ஷன் அனுப்பிவிட்டேன். மெர்சிக்கு எதை அனுப்ப?