கொடுவா வயிற்றில் இருந்த பெயர்

சாலவாக்கம் பக்கத்தில் மலர்க்கொடியைத் தெரியாதவர்கள் சைவக்காரர்களாகத்தான் இருக்க வேண்டும். விடியும் முன் மொபெட்டில் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு சதுரங்கப்பட்டினம் கரைக்குப் போவாள். வெயில் ஏறுவதற்குள் மீனோடு திரும்பிவிடுவாள். விவசாயக் குடும்பத்துப் பெண் மீன் விற்பதா என்று முகம் சுளித்த பங்காளிகளே இப்போது, நல்லதாகப் பார்த்து எடுத்து வைக்கும்படி போனில் சொல்கிறார்கள். ஏரி காய்ந்து நடவு பொய்த்துப்போன ஒரு வருஷம் தொடங்கிய தொழில் இது. கணவன் எல்லப்பனின் ஒன்றரை ஏக்கர் நெல் பேருக்குத்தான். பன்னிரண்டு வருஷமாக அந்த வீட்டுக்குச் சோறு போடுவது கடல்.

ஒரே மகள் கல்பனாவுக்குப் போன ஆவணியில் தடபுடலாகக் கல்யாணம் நடந்தது. பெண், மாப்பிள்ளை பெயர் போட்ட மஞ்சள் பிளாஸ்டிக் தாம்பூலப் பைகளில் முந்நூறு மிஞ்சிவிட்டன. கல்யாணப் பெண்ணின் பெயர் எழுதியதைக் கொளுத்தக் கூடாது, குப்பையில் போட்டு மிதிபட விடவும் கூடாது; ஓடுகிற தண்ணீரில் விடுவதுதான் முறை என்று மலர்க்கொடி பிடிவாதமாக இருந்தாள். ஐப்பசி மழையில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியபோது மூட்டையைக் கொண்டுபோய் அவிழ்த்து, குங்குமம் தூவி, கும்பிட்டுத் தண்ணீரில் விட்டாள். அந்த ஆற்றுப் பாலத்தைத் தாண்டித்தான் தினமும் கடலுக்குப் போகிறாள். தண்ணீர் எங்கே போகிறது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அன்று மட்டும் அது தோன்றவில்லை.

இப்போது கல்பனா எட்டு மாத வயிற்றோடு தாய்வீட்டில் இருக்கிறாள். குழந்தை எடை குறைவு, மீன் நிறையக் கொடுங்கள் என்று டாக்டரம்மா சொன்னதிலிருந்து மலர்க்கொடிக்கு அதே கவலை. அன்று கரையில் வயிறு புடைத்த கொடுவா ஒன்றைப் பார்த்ததும் அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தொட்டுப் பார்த்தாள், கல்லாக இருந்தது. உள்ளே நிறையச் சினை இருக்கும், மகளுக்கு ஆகும் என்று, மூன்று வீட்டார் கேட்டும் விற்காமல் கொண்டுவந்துவிட்டாள்.

நடுப்பகலில் கொல்லைக் குழாயடியில் அரிவாள்மனையைப் போட்டு உட்கார்ந்தாள். வயிற்றைக் கீறியதும் மஞ்சளாக ஒரு பந்து வழுக்கிக்கொண்டு கையில் வந்து விழுந்தது. சினைதான் என்று முகம் மலர்ந்து அமுக்கினாள். அது உடையவில்லை. குழாய்த் தண்ணீரில் காட்டியதும் மெல்ல மெல்லத் தானே விரிந்தது. உள்ளங்கை அகலத் துண்டு. அதில் சிவப்பு எழுத்தில், கொஞ்சமும் மங்காமல், 'கல்பனா' என்று இருந்தது. மாப்பிள்ளை பெயர் இருந்த பக்கம் கிழிந்து போயிருந்தது.

முதலில் யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தாள். எந்தப் பாவி என்று ஒவ்வொரு முகமாக மனசில் தேடினாள். பங்காளிகள் எல்லோரையும் தேடி முடித்த பிறகுதான் பாலாறும் மூட்டையும் ஞாபகத்துக்கு வந்தன. செய்தது அவளே. இன்னும் எத்தனை மீன் இந்தப் பெயரை விழுங்கியிருக்குமோ என்று பயந்தாள்.

உள்ளிருந்து கல்பனா கேட்டாள்: "இன்னாம்மா, சினை கீதா?"

மலர்க்கொடி துண்டை முந்தானையில் மறைத்துக்கொண்டாள். "மீனு கெட்டுப்போச்சு. இன்னிக்கி வாணாம்."

"வுடு. நேத்து வச்ச நெத்திலிக் கொயம்பு கீதுல்ல, அதையே போட்டுத் துன்னுக்கினு கீறேன்."

நெத்திலிக்கு யாரும் வயிறு கீறிப் பார்ப்பதில்லை. தலையைக் கிள்ளிவிட்டு அப்படியே குழம்பில் போடுவார்கள். இரண்டு மாதமாக மகளுக்கு அவள் ஆக்கிப் போட்டதில் பாதி நாள் நெத்திலிதான். மலர்க்கொடி மீன் கையோடு உள்ளே ஓடினாள். அவள் தட்டைப் பிடுங்குவதற்குள் கல்பனா கடைசி வாயை விழுங்கியிருந்தாள்.