முப்பது வயதுக்குள் முடிக்க வேண்டிய பரீட்சை

ஷரிபுதீனிடம் பரீட்சை பற்றி யாரும் வாயைத் திறக்கக் கூடாது. கல்முனைக்குடியில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மற்றப்படி ஆள் தங்கமானவன். வங்கியில் நெற்கடன் மேசையில் இருக்கிறான். வயல்காரர்கள் ஒரே கேள்வியைப் பத்துத் தரம் கேட்டாலும் முகம் சுளிக்காமல் பதினோராவது தரமும் விளங்கப்படுத்துவான். ஆனால் கொழும்பில் முதலீட்டு வங்கியில் சேர எந்தப் பரீட்சை எடுத்தால் நல்லது என்று ஒருவர் கேட்டுவிட்டால் போதும், பேனையை மூடிச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு தேத்தண்ணி குடிக்க எழும்பிவிடுவான். இருபத்தைந்து வயதிலிருந்து முப்பது வயது வரைக்கும் அவனை அரித்துத் தின்ற கேள்வி அது.

எண்பத்திரண்டாம் ஆண்டு தை மாதத்தில் ஒரு நாள் பேப்பரில் அந்த விளம்பரம் வந்தது. கொழும்பில் புதிதாகத் தொடங்கிய ஒரு வங்கி ஆட்களைக் கேட்டிருந்தது. அது நகையை அடகு பிடித்து விதைநெல்லுக்குக் கடன் கொடுக்கிற வங்கி அல்ல. புதிதாக எழும்பும் கம்பனிகளுக்குப் பங்குகள் விற்று முதல் திரட்டிக் கொடுப்பதும், எந்தத் தொழிலில் பணத்தைப் போடலாம் என்று ஆராய்ந்து சொல்வதும்தான் அதன் வேலை. ஷரிபுதீன் அந்தச் சதுர அங்குலத்தை நாலு தரம் வாசித்தான். ஒரு சீனி ஆலையோ நெசவாலையோ வெறுந்தரையில் எழும்புவதற்கு முன்பே அதைக் காகிதத்தில் எழுப்பிப் பார்க்கிற வேலை இந்த நாட்டில் இருக்கிறது, நான் இங்கே உட்கார்ந்து உழவு மாட்டுக் கடனுக்கு முத்திரை குத்திக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தபோது அவனுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

விளம்பரத்தில் இரண்டு நிபந்தனைகள் இருந்தன. சாட்டர்ட் கணக்காளர் பரீட்சையை அல்லது லண்டன் கொஸ்ட் கணக்காளர், அதாவது செலவுக் கணக்காளர், பரீட்சையை முழுதாக முடித்திருக்க வேண்டும். வயது முப்பதைத் தாண்டியிருக்கக் கூடாது. ஆண்டுதோறும் ஆட்களை எடுப்பார்கள் என்றும் போட்டிருந்தது. ஷரிபுதீனுக்கு அடுத்த மாதம் இருபத்தைந்து முடிகிறது. ஐந்து வருஷம் தாராளம் என்று அவன் நினைத்தான். பேப்பரை வெட்டி, மடித்து, வேலைக் கோப்பின் உறைக்குள் வைத்துக்கொண்டான்.

எந்தப் பரீட்சை என்பதில்தான் இழுபறி. சாட்டர்ட்தான் பெரிய பேர். ஆனால் அதற்கு வங்கி வேலையை விட்டுவிட்டுக் கொழும்பில் ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் நாலு வருஷம் பயிலுநராக இருக்க வேண்டும். அவர்கள் தருகிற படி அறை வாடகைக்கே காணாது. லண்டன் பரீட்சை வேறு மாதிரி. பாடங்கள் தபாலில் வரும், வீட்டிலிருந்தே படிக்கலாம், வைகாசியிலும் கார்த்திகையிலும் கொழும்புக்குப் போய் எழுதிவிட்டு வரலாம். மொத்தம் நாலு படி. ஆனால் கொழும்பில் கோட் போட்டவர்கள் சாட்டர்ட்காரனைக் கண்டால்தான் எழும்பி நிற்பார்கள் என்று கேள்வி.

மூன்றாவது வழி ஒன்றைத் தம்பையா காட்டினார். அவர் கிளையின் தலைமை எழுதுவினைஞர், கல்முனைக்காரர்.

"தம்பி, நம்மட பேங்கர்ஸ் பரீட்சைய எடுங்க. பீஸ் பேங்க் கட்டும். தவறினாலும் நமக்கு என்ன நட்டம்?"

அவர் அந்தப் பரீட்சையின் முதற்பகுதியைப் பதினாலு வருஷமாக நட்டமில்லாமல் தவறிக்கொண்டிருந்தார். விளம்பரத்தில் அந்தப் பரீட்சையின் பேரே இல்லை என்பதை அவரிடம் சொல்ல ஷரிபுதீனுக்கு மனம் வரவில்லை.

லீவு போட்டுக் கொழும்புக்குப் போய் ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் கேட்டுப் பார்த்தான். அவர்கள் அவனுடைய சான்றிதழ்களைப் பார்த்துவிட்டு எப்போது வந்து சேரலாம் என்றுதான் கேட்டார்கள். அந்தச் சந்தோஷத்தோடு வீடு வந்தவனிடம் உம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நீ கொழும்புக்குப் போனா இந்தக் குமர ஆரு மனே கரசேக்கிற?"

குமர் என்றது கல்யாணமாகாமல் இருந்த தங்கை சுபைறாவை. இந்தக் கரையில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் வந்து குடியிருப்பார். அதனால் பெண்ணுக்கு வீடு இருந்தால்தான் கல்யாணப் பேச்சே தொடங்கும். வாப்பா இருந்த வீட்டை மூத்தவள் அஸீஸாவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு மவுத்தாகிப் போனார். சுபைறாவுக்கு மிஞ்சியது ஒரு வெறும் வளவும், அதில் தாய்க்கும் பிள்ளைகளுக்கும் ஒதுங்க ஒரு ஓலைக் குசினியும்தான். வங்கிச் சம்பளம் நின்றால் அந்த வளவில் ஒரு கல்லும் எழும்பாது. உம்மா சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அதுதான் ஷரிபுதீனுக்கு எரிச்சலாக இருந்தது. பிழையான பேச்சென்றால் எதிர்த்தாவது கதைத்திருக்கலாம்.

ஆக எட்டு மாதம் மண்டையைப் போட்டு உடைத்து, லண்டன் பரீட்சையைத் தெரிவு செய்தான். கட்டணத்துக்கு ஸ்டெர்லிங் பவுணில் டிராஃப்ட் எடுத்து லண்டனுக்கு அனுப்பினான். முதற்படி அடுத்த வருஷம் வைகாசியில் தேறியது, இரண்டாவது அதே வருஷம் கார்த்திகையில். ஆடிக் கலவரத்தில் கொழும்பு எரிந்து நாலு மாதம்தான் ஆகியிருந்ததால், அந்தக் கார்த்திகையில் அங்கே போவதற்கே ஊரில் தடுத்தார்கள். போய் எழுதிவிட்டுத்தான் வந்தான். மூன்றாம் படியில் ஒரு தரம் தவறி, எண்பத்துநாலு கார்த்திகையில் முடித்தான். இறுதிப்படி மட்டும் பாக்கி. முப்பது முடிய இன்னும் இரண்டு வருஷமும் சொச்சமும், அதற்குள் பரீட்சை எழுத நாலு தவணை. இதற்கிடையில் சுபைறாவின் வளவில் இரண்டு அறையும் ஓட்டுக் கூரையுமாக ஒரு வீட்டையும் எழுப்பிவிட்டிருந்தான். ஒரு மனிதன் இவ்வளவு கெட்டித்தனமாக நடந்துகொண்ட பிறகு எப்படிச் சறுக்கினான் என்றுதான் யாரும் கேட்பார்கள்.

எண்பத்தைந்து மாசியில் சுபைறாவுக்கு இரண்டு பேச்சு வந்தன. ஒன்று நிந்தவூர் மீராமுகைதீன். சாகாமத்துப் பக்கம் ஆறு ஏக்கர் வயல், சொந்த ட்ரெக்டர். வீட்டை வந்து பார்த்த அவருடைய ஆட்கள் இரண்டு அறை போதும், மிச்சத்தை மாப்பிள்ளை பார்த்துக்கொள்வார் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். உம்மா குசினிக்குள் போய்ச் சுபைறாவிடம் கேட்டார். சுபைறா மீன் அரிந்துகொண்டிருந்தாள். தலை நிமிராமல் ஓம் என்று சம்மதம் சொன்னாள். உம்மா வெளியே வந்து அந்த ஓமை மகனிடம் சொன்னார்.

மற்றது அக்கரைப்பற்று அப்துல் ஸமட். கொழும்பில் சாட்டர்ட் படிக்கிறார், இறுதிப் பரீட்சைதான் பாக்கி.

சாட்டர்ட் என்ற சொல் காதில் விழுந்ததும் ஷரிபுதீனுக்குப் புத்தி தடுமாறிவிட்டது. வேறு எப்படிச் சொல்வது? தனக்குக் கிடைக்காமற் போன பேர் தங்கை வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரப் போகிறது. அதுமட்டுமா, மச்சான் கொழும்பில் இருந்தால் பரீட்சைக்குப் போய்வரத் தங்க இடம், புத்தகம், ஆட்களின் அறிமுகம் எல்லாம் வந்துவிடும் என்று ஒரு கணக்கும் போட்டான். அப்துல் ஸமட்டின் வீட்டார் வந்து பார்த்தார்கள். படித்த மாப்பிள்ளைக்கு இது காணாது என்றார்கள். முன்னால் ஒரு ஹோல் வேண்டும், அதற்குக் கூரையாகக் கொங்கிறீட் தட்டுப் போட வேண்டும், வீட்டோடு சேர்த்துக் குளியலறை கட்ட வேண்டும். ஷரிபுதீன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். உம்மாவே தயங்கினார். சுபைறா ஓம் சொன்ன பேச்சு ஒன்று இருக்கிறதே என்று மெல்ல நினைவுபடுத்தினார். அவளுக்கு என்ன தெரியும், நல்லது கெட்டது பார்க்கத்தானே நான் இருக்கிறேன் என்று சொல்லி ஷரிபுதீன் அந்தப் பேச்சை முடித்துவிட்டான்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அலுப்பு. எண்பத்தைந்து வைகாசித் தவணைக்குப் பணம் கட்டியிருந்தான். சித்திரையில் ஊரில் கலவரம் வந்து வீதி மூடிக் கிடந்தது. அது கழிந்து நிமிர்ந்தபோது பரீட்சை முடிந்திருந்தது. கார்த்திகைத் தவணையில் ஹோலின் சுவர் லின்டல் மட்டத்தில் நின்றது, மழை பிடித்துக்கொண்டது, மேசன்மார் வரவில்லை. வங்கி விட்டதும் பின்னேரங்களில் ரியூசன் வகுப்பு எடுத்துச் சீமெந்துக்குக் காசு தேடினான், புத்தகத்தைத் தொடவில்லை. எண்பத்தாறு வைகாசியில் தட்டுப் போட வேண்டியிருந்தது. கம்பியும் சீமெந்தும் வாங்கிய பிறகு பரீட்சைக் கட்டணத்துக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. ஆவணியில் கல்யாணம் நடந்தது. கார்த்திகையில், கடைசித் தவணையில், எழுதினான். நாலு பாடத்தில் மூன்று தேறி ஒன்று தவறியது. எண்பத்தேழு மாசியில் பெறுபேறு வந்த கிழமையே அவனுக்கு முப்பது வயது முடிந்தது.

அப்துல் ஸமட்டின் பெறுபேறும் அதே மாசியில்தான் வந்தது. அவர் தேறிவிட்டார். இரண்டு மாதத்தில் வேலையும் கிடைத்தது. எந்த வங்கியில் என்று சொல்லவும் வேண்டுமா? ஷரிபுதீன் ஐந்து வருஷமாகக் கோப்பு உறைக்குள் வைத்திருந்த அதே வங்கியில்தான். சுபைறாவின் ஹோலில், புதுத் தட்டின் கீழே ஊரார் வந்து அவரை வாழ்த்தினார்கள். வந்தவர்களுக்குத் தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக் கொடுத்தவன் ஷரிபுதீன்.

அவன் விடவில்லை. எண்பத்தேழு வைகாசியில் மிஞ்சிய பாடத்தையும் எழுதித் தேறினான். லண்டனிலிருந்து தடித்த உறையில் சான்றிதழ் வந்தபோது அதை எடுத்துக்கொண்டு, லீவில் வந்திருந்த மச்சானிடம் போனான். மூன்று மாதம்தானே கூடிப்போயிற்று, ஒரு சொல் சொல்லிப் பார்க்க முடியாதா என்று கேட்டான். வாழ்க்கையில் அவன் ஒருவரிடம் கெஞ்சியது அந்த ஒரு தரம்தான்.

அப்துல் ஸமட் கெட்ட மனிதர் இல்லை. சான்றிதழைக் கவனமாக வாசித்தார்.

"மச்சான், கொஸ்ட் எடுத்தாக்களையும் அங்க நல்லா மதிக்கிறாங்க. எனக்குப் பக்கத்து மேசையில இரிக்கிறவர் கொஸ்ட்தான். ஒங்கட வயசுதான் இடிக்கிது. ஒரு தவணைக்கு முந்தி முடிச்சிருந்தா நானே கூட்டிப் போயிருப்பன்."

ஒரு தவணை. ஷரிபுதீன் தட்டை அண்ணாந்து பார்த்தான். அதில் எத்தனை தவணை கிடக்கிறது என்று அவனுக்குத்தான் தெரியும். எட்டு மாதம் சாட்டர்ட்டா கொஸ்ட்டா என்று நித்திரை கெட்டதெல்லாம் வீண் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. எதை எடுத்திருந்தாலும் காரியம் நடந்திருக்கும். வீட்டுக்கு வந்து அந்த விளம்பரத்துண்டை அடுப்பில் போட்டான். சான்றிதழை மட்டும் உம்மா பறித்து எடுத்துத் தன் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்துதான் பரீட்சை என்ற பேச்சு எடுத்தால் அவன் எழும்பிப் போகத் தொடங்கினான்.

இரண்டு வருஷம் போனது. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஷரிபுதீன் சுபைறா வீட்டு ஹோலில் சாப்பிட உட்கார்ந்திருந்தான். மச்சான் கொழும்பிலிருந்து மாதத்துக்கு ஒரு தரம் வந்துகொண்டிருந்தவர், வீதிகள் அடிக்கடி மூட, மூன்று மாதத்துக்கு ஒரு தரம் வருகிறவராகிவிட்டார். வேறெங்கோ பெண் எடுத்துப் போன மீராமுகைதீன் இப்போது இரண்டு ட்ரெக்டர் வைத்திருப்பதாகக் கேள்வி. அந்த நேரம் பார்த்து முத்தலிப் வந்தார். வங்கியில் புதிதாகச் சேர்ந்த எழுதுவினைஞர், இருபத்துநாலு வயது, ஊருக்குப் புதிதானதால் விஷயம் தெரியாது. சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டார். கொழும்பில் ஒரு நிறுவனம் சாட்டர்ட் பயிலுநராக வரச்சொல்லிக் கடிதம் போட்டிருக்கிறது, லண்டன் பரீட்சையும் இருக்கிறது, முதலீட்டு வங்கிக்குப் போக எது நல்லது, ஷரிபுதீன் நானா?

ஷரிபுதீனுக்கு எழும்பிப் போக வழியில்லை. கையில் சோறு.

"எந்தப் பரீட்சை எண்டு என்னிட்டக் கேக்காதீங்க, முத்தலிப். எதையும் எடுங்க, எல்லாம் ஒண்டுதான். ஊட்டில எத்தின குமர் இரிக்கி எண்டு முதல்ல செல்லுங்க."

"ஒரு தங்கச்சி," என்றார் முத்தலிப், என்ன பிழை செய்தோம் என்று தெரியாமல்.

"அப்ப அவ்வளவுதான். ஒங்கட பரீட்சைய அவட ஊட்டுச் செவருக்குள்ள வெச்சிக் கட்டிருங்க."

பல வருஷமாகத் தொண்டைக்குள் கிடந்தது வெளியே வந்துவிட்டதில் ஷரிபுதீனுக்கு ஒரு ஆறுதல்கூட உண்டாயிற்று. அப்போதுதான் சுபைறா வாசல் மறைப்பில் மீன் ஆணக் கோப்பையோடு நிற்பதைக் கண்டான். எவ்வளவு நேரம் நின்றாளோ தெரியாது. அவள் கோப்பையைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள்.

"காக்கா, பழிய என்னில போடாதீங்க. ரெண்டு அறையும் போதுமெண்டு வந்த மனிசனுக்கு நான் ஓம் எண்டு சென்னன். சாட்டர்ட் மாப்பிள்ளய ஆசப்பட்டது நீங்க."

அவள் குரல் உயரவில்லை. சொல்லிவிட்டுக் குசினிக்குத் திரும்பிப் போனாள். முத்தலிப் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஷரிபுதீன் ஆணத்தைச் சோற்றில் விட்டான், பிசைந்தான், பிசைந்துகொண்டே இருந்தான். மச்சானுக்காகக் கட்டிய அந்த ஹோல் காலியாகத்தான் கிடந்தது. மூன்று மாதமாக அதில் உட்கார்ந்து சாப்பிட்டவன் அவன் ஒருவன்தான்.

"முத்தலிப்," என்றான் கடைசியில். "தங்கச்சி என்ன செல்றா எண்டு ஒருக்காக் கேட்டுட்டு வாங்க. மறுகா கதைப்பம்."