ஏற்காடு பார்க்காத ரெஜினா அக்கா

மண்ணாடிப்பட்டில் ஒரு வீட்டு மாடியில் சோலார் பேனல் மாட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பூரணாங்குப்பம் ஜோசப் அண்ணன் நெஞ்சுவலியில் போய்விட்டார் என்றார் அவருடைய மைத்துனர். கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தேன். அழுகை வரவில்லை. அவருடைய வேன்தான் முதலில் நினைவுக்கு வந்தது.

இதைப் படிக்கும் உங்களில் பலர் அந்த வேனில் போயிருப்பீர்கள். கல்யாணம், மொட்டை, பள்ளிக்கூடச் சுற்றுலா என்று ஊரையே ஏற்றிச் சென்றவர். மலைப்பாதை வளைவில் யாராவது பயந்து கத்தினால், "நீங்க கண்ண மூடிக்கோங்க, நான் மூட மாட்டேன்" என்பார்.

சவாரியை நிறுத்திய பிறகு சீட்டுகளைக் கழற்றிவிட்டு உள்ளே கட்டிலும் அடுப்பும் வைத்தார். ஒருநாள் வில்லியனூரில் என் கடைக்கு வந்தார். "ஊர்ல எல்லாரையும் ஏற்காடு இட்டுக்கினு போயிட்டேன்பா. என் பொண்டாட்டி இன்னும் பாக்கல." ரெஜினா அக்காவுக்குச் சர்க்கரை. இன்சுலினைக் குளிர்ச்சியில் வைக்க வேனில் ஃபிரிட்ஜ் வேண்டும். அது சோலாரில் ஓட வேண்டும்.

எனக்குப் பிடித்த வேலை. சாதாரண ஃபிரிட்ஜ் விலை குறைவு. ஆனால் அது இழுக்கும் கரன்ட்டுக்குக் கூரை முழுக்கப் பேனலும் கூடுதல் பேட்டரிகளும் வேண்டும். பேட்டரியில் நேராக ஓடும் சின்ன ஃபிரிட்ஜ் பல மடங்கு விலை, கரன்ட் கொஞ்சம் போதும். மொத்தமாகக் கூட்டினால் இரண்டாவதுதான் லாபம் என்று விளக்கினேன்.

"அப்ப அதையே மாட்டு."

"பொறுங்கண்ணா, வெல எறங்கும். இப்ப வாங்குனா நஷ்டம்."

மறுபடியும் வந்தார். "இன்னாபா, எறங்கிச்சா?" இன்னும் கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன். "நீ சொன்னா சரிதான்" என்று போனார். விலை இறங்கத்தான் செய்தது, அவர் போன பிறகு.

அடக்கத்துக்கு அடுத்த வாரம் ரெஜினா அக்காவைப் பார்க்கப் போனேன். "நான்தான்கா தள்ளிப் போட வெச்சேன்" என்றேன்.

"ரெண்டு நாளுதானே, ஐஸ் பொட்டில மருந்த வெச்சிக்கினு போயிட்டு வந்துடலாம்னு சொன்னேன்பா. வாணாம், அந்தத் தம்பி நல்லதா செஞ்சி குடுக்கும்னுட்டாரு."

இரண்டே நாள். கூரையை அளந்தேன், பேட்டரியைக் கணக்கிட்டேன். எத்தனை நாள் பயணம் என்று கேட்கவே இல்லை. வருஷம் முழுக்க வேனிலேயே வாழப்போகிறவர்களுக்குப் போல யோசித்துக்கொண்டிருந்தேன்.

என் செலவில் இப்போதே மாட்டித் தருகிறேன் என்றேன்.

"இன்னாத்துக்குபா? ஓட்டற ஆளு எங்க?"

அக்கா கொடுத்த காபியைக் குடிக்க முடியவில்லை; குடிக்காமல் எழுந்திருக்கவும் முடியவில்லை.

அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு கேள்விதான். வண்டிக்கு சோலார் கேட்டுக் கடைக்கு யார் வந்தாலும் இப்போது விலைக்கு முன்னால் அதைத்தான் கேட்கிறேன்: "எப்ப கெளம்பறீங்க, எத்தன நாளு?"

அவரிடம் மட்டும் கேட்கவில்லை.