அண்ணன் பந்தாட்டத்தை விட்ட காரணம்

அண்ணன் போய் ஒரு வருஷம் ஆகிறது. நினைவு மலர் அச்சுப் போட வேண்டும் என்று பெரியப்பா சொன்னார். ஒரு வாத்தியாரை வைத்து எழுதியும் வாங்கி வந்தார். அண்ணாமலையார் கூப்பிட்டார், அண்ணன் புகழை உதறிவிட்டுத் தொண்டுக்குப் போனார் என்று அதில் இருந்தது. அப்படி நடக்கவில்லை. கூட இருந்தவள் நான். ஐந்தாவது வரை படித்தவள். நடந்ததை எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக் கொள்ளவும்.

அண்ணன் பிறந்தது இந்த ஊரில்தான், தேரடிக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில். அப்பா மண்டியில் மூட்டை தூக்கினார். அண்ணனுக்குப் பதினாலு வயசில் அப்பா தவறினார். எனக்கு அப்போது இரண்டு. அம்மா புரச இலை தைத்து ஓட்டல்களுக்குப் போட்டார். அண்ணன் படிப்பை விட்டுவிட்டு அதே மண்டிக்குப் போனார். சாயந்திரம் ஸ்கூல் மைதானத்தில் பந்து ஆடுவார். வெறுங்காலில் ஆடினார்.

ஊரில் ஒரு பஸ் முதலாளி இருந்தார். பந்தாட்டப் பைத்தியம். சொந்தமாக டீம் வைத்திருந்தார். அண்ணன் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, தன் கம்பெனியில் செக்கிங் வேலை கொடுத்தார். டீமுக்கு அண்ணன்தான் கேப்டன். சென்டர் ஹாஃப். பதினேழு வருஷம் ஆடினார். எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது அந்தக் காலால்தான். எனக்குக் கல்யாணம் முடிக்காமல் தான் பண்ணிக்கொள்வதில்லை என்று இருந்தார். பெண் கொடுக்க வந்தவர்களிடம், "மொதல்ல தங்கச்சி" என்று சொல்லி அனுப்பிவிடுவார்.

டீமில் ஏழுமலை என்று ஒருவர் இருந்தார். ஜட்கா வண்டிக்காரர் மகன். அண்ணனைவிடப் பத்து வயசு சின்னவர். இடது பக்கக் கோட்டோரம் ஓடி ஆடுகிறவர். அவரை யார் உதைத்தாலும் முகம் மாறாது. மற்றவர்கள் அடிபட்டுப் படுத்துக் கொண்டால் அண்ணன் அவரைத்தான் காட்டுவார். "இவனைப் பாருங்கடா. எலும்புல அடிச்சாலும் சிரிக்கிறான். நீங்க நகம் பேந்தா அம்மாங்கிறீங்க." இரண்டு வருஷம் இதைச் சொன்னார். வீட்டுக்கு வந்து எங்களிடமும் சொல்வார். ஏழுமலை தோளில் வெளுப்பாக ஒரு தேமல் இருந்தது. அதற்கு அண்ணன் களிம்பு வாங்கிக் கொடுத்தார்.

எமர்ஜென்சிக்கு முந்தின வருஷம் பொங்கல் டோர்னமெண்டில் எங்கள் ஊர் ஜெயித்தது. ஏழுமலை இரண்டு கோல் போட்டார். ஆட்டம் முடிந்து எல்லோரும் உட்கார்ந்து சோடா குடித்தார்கள். ஏழுமலை உட்கார்ந்த இடத்தில் மண் சிவப்பாக இருந்தது. உள்ளங்காலில் சோடா புட்டிக் கண்ணாடி, இரண்டு விரல் நீளம், உள்ளே போயிருந்தது.

"டேய், காலைப் பாருடா" என்றார் அண்ணன்.

"இன்னாண்ணா?"

ஏழுமலை குனிந்து பார்த்தார். செருப்பில் குத்தின முள்ளைப் பிடுங்குகிற மாதிரி பிடுங்கிப் போட்டார். மிச்ச சோடாவைக் குடித்தார். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். அண்ணனும் தட்டினார். தட்டிக்கொண்டே இருந்தவர் நிறுத்திவிட்டார் என்று ஏழுமலை பிறகு எனக்குச் சொன்னார்.

மறுநாள் அண்ணன் அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். டாக்டர் கண்ணை மூடச் சொல்லிக் காலில் ஊசியால் குத்தினார். குத்தும்போது சொல்லு என்றார். ஏழுமலை ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் குத்தவில்லை என்று நினைத்துக் கொண்டு கண்ணை மூடியே இருந்தாராம். டாக்டர் அண்ணனைக் கேட்டார்.

"எவ்ளோ நாளா இப்படி?"

"ரெண்டு வருஷம் இருக்கும்ங்க."

"ரெண்டு வருஷமா பாத்துக்கிட்டு இன்னாய்யா பண்ணினீங்க?"

அண்ணன் வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. என்ன ஆச்சு என்று அம்மா கேட்டார். ஏழுமலைக்குக் குஷ்டம் என்றார். "டாக்டர் இன்னா பண்ணினீங்கன்னு கேட்டாரும்மா. கை தட்டினேன்னு எப்படிச் சொல்றது?" என்றார்.

மலை கூப்பிடவில்லை. இதுதான் காரணம்.

வேலூர்ப் பக்கம் அந்த நோய்க்கு ஒரு ஆஸ்பத்திரி இருப்பதாக டாக்டர் எழுதிக் கொடுத்தார். அண்ணன் ஏழுமலையைத் தன் கம்பெனி பஸ்ஸிலேயே ஏற்றினார். அதில் கண்டக்டர் எனக்கு நிச்சயம் பண்ணியிருந்த போளூர் மாப்பிள்ளை. ஏழுமலை காலில் கட்டைப் பார்த்து யாரோ விசாரித்தார்கள். அண்ணனுக்குப் பொய் சொல்ல வராது. பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

"மச்சான், அவன் இறங்கட்டும். நீங்க உக்காருங்க" என்றார் மாப்பிள்ளை.

"அவனுக்காகத்தான் நான் போறேன்."

"அப்ப ரெண்டு பேரும் இறங்குங்க."

கலசப்பாக்கத்தில் இறக்கி விட்டார்கள். போளூர் வரைக்கும் நடந்தார்கள். பாதி தூரம் ஏழுமலை அண்ணன் முதுகில். அந்த வாரமே மாப்பிள்ளை வீட்டிலிருந்து தாம்பூலத் தட்டு திரும்பி வந்தது. அவரை நான் குறை சொல்லவில்லை. அவருக்கும் தங்கைகள் இருந்தார்கள்.

முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். ஏழுமலையின் பனியன், நிஜார் எல்லாவற்றையும் ஷெட்டுக்குப் பின்னால் போட்டுக் கொளுத்தியிருந்தார்கள். "அவனை விட்டுடு. அடுத்த மாசம் ஆரணி ஆட்டம் இருக்கு" என்றார் முதலாளி. ஆடல என்றார் அண்ணன். ஏன் என்று கேட்டதற்கும் ஆடல என்றுதான் சொன்னார். ஆட்டம் இல்லாத ஆளுக்கு வேலை எதற்கு என்றார் முதலாளி. அண்ணன் கம்பெனி கொடுத்த தோல் பையை மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டார். அப்போது வயசு முப்பத்திநாலு. இன்னும் இரண்டு வருஷம் ஆடியிருக்கலாம் என்று ஊரில் பேசிக் கொண்டார்கள்.

வீட்டில் பேசினது வேறு. "ஊரான் புண்ணுக்கு மருந்து போடப் போற. உன் தங்கச்சி கழுத்து வெறுங்கழுத்தா கெடக்குது, அது கண்ணுக்குத் தெரியல" என்றார் அம்மா.

"அவன் காலை நான்தாம்மா கெடுத்தேன்."

"இவ வாழ்க்கையை யாரு கெடுத்தது?"

நான் அண்ணனோடு இரண்டு வருஷம் பேசவில்லை. பிறகு வந்த வரன்களும் அண்ணன் என்ன செய்கிறார் என்று கேட்டதோடு சரி. நானும் அம்மாவோடு உட்கார்ந்து இலை தைத்தேன். எங்களுக்கு நிறைய வேலை இருந்தது.

அண்ணன் அந்த ஆஸ்பத்திரியில் ஆறு மாசம் தங்கிக் கட்டுக் கட்டக் கற்றுக் கொண்டு வந்தார். அடி அண்ணாமலையில், மலை சுற்றுகிற பாதையோரம் கூரை போட்டுக் கொண்டு உட்கார்ந்தார். கோபுரத்தடியில் பிச்சைக்கு உட்காருகிறவர்கள் சாயந்திரம் அங்கே வருவார்கள். அவர்கள் காலைத் தண்ணீரில் ஊற வைத்து, தடித்த தோலைத் தேய்த்து, எண்ணெய் போட்டு, விளக்கைக் கிட்டே வைத்துக் கொண்டு ஒவ்வொரு விரலாகப் பார்ப்பார். வலி தெரியாதவனுக்கு அவன் கண்ணுதான் வலி என்பார். தினமும் காலைப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார். பார்க்காதவர்களைத் திட்டினார்.

ஏழுமலைக்கு இடது காலில் விரல்கள் போயிருந்தன. அவரும் அங்கேயே இருந்துவிட்டார். அண்ணன் மேல் கோபம் இருந்ததா என்று ஒருமுறை கேட்டேன். "இல்லாமயா? மொத ரெண்டு வருஷம் கட்டுக் கட்டும்போது ஒதைப்பேம்மா. வாங்கிப்பாரு. அப்புறம் ஒதைக்கிறது போரடிச்சிடுச்சு" என்றார். ரோட்டில் பசங்கள் ஆடுகிற பந்து உருண்டு வந்தால் அண்ணன் குனிந்து கையால்தான் எடுத்துக் கொடுப்பார். ஏழுமலை உள்ளேயிருந்து, "ஹேண்டு, ஹேண்டு" என்று கத்துவார். அண்ணன் சிரிப்பார். வீட்டில் அவர் சிரித்து நான் பார்த்தது கம்மி.

ஒவ்வொரு மைதானமாகவும் போனார். பசங்களை வரிசையில் உட்கார வைத்து, கண்ணை மூடச் சொல்லி, தேமல் இருக்கிற இடத்தில் கோழி இறகால் தொட்டுப் பார்ப்பார். "குஷ்டக் கேப்டன் வர்றாருடா" என்று ஓடின பசங்கள்தான் ஜாஸ்தி. ஓடாமல் உட்கார்ந்ததில் சிலர் நேரத்தோடு மாத்திரை சாப்பிட்டுச் சுத்தமாகக் குணமானார்கள். நம் சொந்தத்திலும் ஒரு பையன் உண்டு. யார் என்று எழுத மாட்டேன். அண்ணனும் யாரிடமும் சொல்லவில்லை. அந்த வீட்டிலும் அண்ணனை வாசலோடு நிறுத்தித்தான் பேசினார்கள்.

பிறரைச் சொல்லிவிட்டு என்னை விடக் கூடாது. அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து சாப்பிடுவார். நானும் அம்மாவும் தட்டில் சாப்பிடுவோம். அண்ணனுக்கு மட்டும் தைத்த இலை போடுவேன். இலை என்றால் தூக்கிப் போட்டுவிடலாம். அந்த நோய் அப்படி ஒட்டாது என்று அண்ணன் பல தடவை சொல்லியிருந்தார். கேட்டுக் கொண்டு இலையைப் போட்டேன். ஒரு நாள், "இன்னாம்மா, நம்ம வீட்ல வாராவாரம் கல்யாணம் போலிருக்கு" என்றார். அவர் தமாஷாகத்தான் சொன்னார். "கல்யாணம்தான் நடந்துச்சே, போளூர் பஸ்ல" என்றேன். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நானும் இலையை நிறுத்தவில்லை. அம்மா இறந்த பிறகும் போட்டேன். சத்துணவுக் கூடத்தில் எனக்கு ஆயா வேலை வந்தது. குஷ்டக்காரர்களைத் தொடுகிறவரோடு ஒரே தட்டா என்று அங்கே யாராவது கேட்டால் என்ன செய்வது என்று அதற்கும் ஒரு சாக்கு இருந்தது.

போன வருஷம் அண்ணனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. கவனிக்காமல் விட்டுவிட்டார். ஊரார் காலைப் பார்த்தவர் தன் கண் மஞ்சளானதைப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் இருந்தார். சொந்தக்காரர்கள் வந்து கதவோரம் நின்றுவிட்டுப் போனார்கள். அந்த நோய்தான் அவருக்கும் வந்துவிட்டது என்று பேசினவர்களுக்குச் சொல்கிறேன். வரவில்லை. பதிமூன்று வருஷம் தொட்டுக் கட்டினவருக்கு வரவில்லை.

கடைசி நாளில் நினைவு தப்பித் தப்பி வந்தது. ஏழுமலை காலில் கட்டு மாற்றினார்களா என்று கேட்டார். மாற்றியாச்சு என்றேன். அது எனக்குத் தெரியாது. சும்மா சொன்னேன்.

எடுக்கிற அன்றைக்குத் தெருமுனையில் ஏழுமலையும் இன்னும் ஒன்பது பேரும் வந்து நின்றார்கள். குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, கையில் அரிசி வைத்திருந்தார்கள். வாய்க்கரிசி போட வந்திருந்தார்கள். பந்தலில் ஜனம் எழுந்துவிட்டது. பெரியப்பா உள்ளே வந்து என்னைக் கேட்டார்.

"நீ கூடப் பொறந்தவ. உள்ள விடலாமா வேணாமா, நீயே சொல்லும்மா."

பந்தலைப் பார்த்தேன். பாதி பேர் செருப்பை மாட்டிக் கொண்டு நின்றார்கள். அண்ணனைத் தூக்க ஆள் வேண்டுமே என்று நினைத்தேன்.

"அங்கயே நிக்கச் சொல்லுங்க" என்றேன்.

பெரியப்பாவை யாரும் குறை சொல்ல வேண்டாம். சொன்னது நான். ஏழுமலை சண்டை போடவில்லை. "செரிங்க. கோட்டோரம் நிக்கிறது எனக்குப் பழக்கந்தான்" என்றாராம். வயல் வழியாகச் சுற்றிச் சுடுகாட்டுக்குப் போய், எல்லோரும் போகிற வரைக்கும் காத்திருந்து, கடைசியில் சிதையில் ஆளுக்கொரு விறகு போட்டுவிட்டுப் போனார்கள். அரிசியையும் அங்கேயே போட்டார்கள். வெட்டியான் வந்து சொன்னார்.

அவர்கள் கொண்டு வந்த அரிசியை அண்ணன் வாயில் போட விடாதது அவர் அன்றைக்குக் கை தட்டினதைவிடப் பெரிய தப்பு. அவராவது தெரியாமல் செய்தார்.

இனி நன்றி சொல்ல வேண்டும். பன்னிரண்டு நாளும் கஞ்சி கொண்டு வந்த பக்கத்து வீட்டு அம்மாவுக்கு நன்றி. முகம் சுளிக்காமல் கூட இருந்த கம்பவுண்டர் தம்பிக்கு நன்றி. கொள்ளி வைத்த பெரியப்பா மகனுக்கு நன்றி. செருப்பை மாட்டினவர்கள் கழற்றிவிட்டுத் தோள் கொடுத்தார்கள். அவர்களுக்கும் நன்றி. அண்ணன் இடத்தில் இப்போது கட்டுக் கட்டுகிற ஏழுமலைக்கு நான் நன்றி சொல்ல முடியாது. வேறு சொல்ல வேண்டும். நேரில் போய்ச் சொல்லிவிட்டேன். வருஷ திதிக்குச் சாப்பிட வர வேண்டும் என்று கூப்பிட்டேன். வருகிறேன் என்றார்.

திதி வீட்டில் இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது முதல் பந்தி உட்கார்ந்திருக்கும். ஏழுமலை, அடி அண்ணாமலையிலிருந்து வந்த ஒன்பது பேர், அவர்களுக்கு நடுவில் நான். சமையல் என் கையால் செய்தது. இன்னும் பத்துப் பேர் உட்கார இடம் இருக்கிறது. பரிமாற ஆள் வைக்கவில்லை. சாம்பார் வாளி அடுப்படி வாசலில் இருக்கிறது.