நான் குத்திப் பார்க்காத தூண்

மரத்தைத் தட்டிப் பார்த்து அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறதென்று சொல்வதுதான் எனக்குச் சோறு போட்ட வேலை. கிராஞ்சி வரை ரயில் ஓடத் தொடங்கிச் சில வருஷங்களே ஆகியிருந்த காலம். பாதையில் ஓடைகளைக் கடக்கும் மரப்பாலங்களைப் பழுதுபார்க்கும் கூட்டத்துக்கு நான் மேஸ்திரி. சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு. நல்ல கட்டையாக இருந்தால் டங்கென்று பதில் வரும். உளுத்த கட்டை பொத்தென்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். அப்போதும் சந்தேகம் இருந்தால் இடுப்பிலிருந்து குத்தூசியை எடுத்துக் குத்திப் பார்ப்பேன். ஊசி எவ்வளவு ஆழம் இறங்குகிறதோ அவ்வளவுதான் அந்தக் கட்டையின் யோக்கியதை.

இதனால் எனக்குத் தலைக்கனம் நிறைய இருந்தது. சிராங்கூன் சாலைப் பக்கத்தில் நம்மவர்கள் வீடு வாங்குகிற அழகைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வாசல் எந்தத் திசையைப் பார்க்கிறது, கிணறு எந்த மூலையில் இருக்கிறது, உள்ளே நுழையும்போது பல்லி சொன்னதா என்றெல்லாம் கேட்பார்கள். கூரையைத் தாங்குகிற கட்டை உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் கேட்கமாட்டார்கள். அப்படிப்பட்டவர்களை முகத்துக்கு நேரே கேலி செய்வேன். மூட்டை தூக்குகிறவர் ஒருவர் மனையடி சாஸ்திரம் பார்த்து வாங்கிய குடிசை முதல் மழையிலேயே சாய்ந்தபோது, பல்லியிடம் போய்க் கேட்டுப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தவன் நான்.

எங்கள் தெருவில் மளிகைக்கடை வைத்திருந்த பாய்தான் எனக்கு நெருங்கிய சினேகிதர். நாகப்பட்டினத்துக்காரர். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவர். பதினோரு வருஷமாகக் கடைப் பரணில் மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே படுத்து எழுந்தவர். இடையில் மூன்று முறைதான் ஊருக்குப் போய் மனைவியைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். அந்த அம்மாளை இங்கே கூட்டிவந்து ஒரு வீட்டில் வைத்து வாழ வேண்டும் என்பது ஒன்றே அவர் ஆசை. பட்டணத்துக்குள் வாங்க முடியாது. புக்கிட் பாஞ்சாங்கில், ரயிலடியிலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு மலாய்க்காரப் பெரியவர் கம்பத்தில், அதாவது மலாய்க்காரர் கிராமத்தில், இருந்த தம் வீட்டை விற்றுவிட்டு ஜொகூரில் இருக்கும் மகனிடம் போகப் போவதாகக் கேள்விப்பட்டுப் பாய் என்னிடம் வந்தார்.

“எனக்கு மரம் தெரியாதுண்ணே, மல்லிதான் தெரியும். நீங்க பார்த்துச் சரின்னு சொன்னா வாங்குறேன். இல்லேன்னா விட்டுடுறேன்” என்றார்.

அவர் அப்படிச் சொன்னதில் எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. இந்த ஊரில் வீடு வாங்குமுன் மரம் தெரிந்தவனைக் கூட்டிப்போகிற முதல் மனுஷர் நீர்தான் என்று அவரைப் புகழ்ந்தேன். புகழ்ந்தது அவரையா என்னையா என்று இப்போது யோசிக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் போனோம். மண்ணிலிருந்து ஓர் ஆள் குனிந்து போகிற உயரத்தில் பன்னிரண்டு தூண்களின்மேல் நின்ற பலகை வீடு. மேலே அத்தாப்பு ஓலைக் கூரை. பெரியவர் பாயைத் திண்ணையில் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். எனக்கும் கொடுத்தார். வேலை முடியட்டும் என்று நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

அன்றைக்கு நான் பார்த்த பார்வையை இன்று நினைத்தாலும் குறை சொல்ல முடியாது, அந்த ஒன்றைத் தவிர. முதலில் கூரை. கைமரங்களில் ஏறி ஓலையை விலக்கி எங்கே ஒழுகியிருக்கிறதென்று கறை பார்த்தேன். தரைப்பலகை ஒவ்வொன்றின்மேலும் குதிகாலை ஊன்றி நின்றேன். தூக்குக்குண்டு விட்டுச் சுவர் சாய்ந்திருக்கிறதா என்று பார்த்தேன். கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுக் கொப்பளித்துத் துப்பினேன். பெருமழையில் வெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது என்று தூண்களில் சேற்றுக்கோடு தேடினேன். பிறகு வீட்டின் அடியில் புகுந்து ஒவ்வொரு தூணாகத் தட்டி, அடிப்பக்கம் மண்ணைக் கிளறி, குத்தூசியால் நாலு பக்கமும் குத்திக்கொண்டே போனேன். எல்லாம் செங்கால் என்கிற மலாய்க்காட்டு வைரமரம். ஊசி முனைகூட இறங்கவில்லை. பதினோரு தூண் முடிந்தது.

பன்னிரண்டாவது தூண் சமையலறைக்கு நேர் கீழே, பின்மூலையில் இருந்தது. அதைத் தட்ட முடியவில்லை. தூணைச் சுற்றி, கிட்டத்தட்ட உத்தரம் வரைக்கும், புற்று வளர்ந்திருந்தது.

வெறும் புற்று இல்லை. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, அடியில் வாடிய செம்பருத்திப் பூ கிடந்தது. பால் ஊற்றிய தடம் வெள்ளையாகக் காய்ந்திருந்தது. அன்னாசித் தோட்டத்தில் வேலை செய்யும் நம் பெண்கள் வெள்ளிக்கிழமைதோறும் வருவார்கள் என்றும், தாம் தடுப்பதில்லை என்றும், அந்த மூலைப் பக்கம் தாம் கை வைத்ததே இல்லை என்றும் பெரியவர் பிறகு சொன்னார். அவர் எதையும் மறைக்கவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

என் வீட்டுச் சங்கதியையும் சொல்லியாக வேண்டும். கல்யாணமாகி ஒன்பது வருஷம் எங்களுக்குக் குழந்தை இல்லை. என் மனைவி வெள்ளிக்கிழமை தவறாமல் கோயில் புற்றுக்குப் பால் ஊற்றிவந்தாள். நான் வாயால் கேலி செய்துகொண்டே பால் செம்பைச் சுமந்துகொண்டு அவள் பின்னால் போவேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு மூன்றாவது மாதம்.

புற்றைச் சீண்டினால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று எனக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. நம்மவர்களுக்குத் தாய்ப்பாலோடு வருகிற பயம் அது. குத்தூசியை ஓங்கின கை அப்படியே நின்றுவிட்டது. சுத்தியலைக் கீழே வைத்தேன். தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டேன். புற்று என்றால் கரையான் கட்டுகிற வீடு என்று எனக்குத் தெரியாதா? கரையானைத் தேடித்தான் காலையிலிருந்து அந்த வீட்டுக்கு அடியில் தவழ்ந்துகொண்டிருந்தேன். அது தன் வீட்டு வாசலோடு எதிரே நின்றபோது கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன்.

அத்தோடு போயிருந்தால்கூட மன்னிப்பு உண்டு. மேலே ஏறிப் போய், “பாய், ஒரு தூணை மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் அடியிலிருந்து வெளியே வருவதற்குள் புத்தி வேறு கணக்குப் போட்டுவிட்டது. பாய் வேறு மார்க்கம். அவருக்கு அது மண்குவியல். தூணைப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு மண்வெட்டியை வாங்கி நாலு வெட்டில் முடித்துவிடுவார். அந்தப் பாவம் வெட்டினவர் தலையில் விழாது, காட்டிக்கொடுத்தவன் தலையில் விழும், அவன் பெண்டாட்டி வயிற்றில் விழும். இப்படித்தான் நினைத்தேன். பதினோரு வருஷம் பழகிய மனுஷரைப் பற்றி.

பலகை இடுக்கு வழியாக அவர் குரல் கீழே வந்தது. “அண்ணே, எல்லாம் சரியா இருக்கா?”

“பன்னெண்டும் இரும்பு, பாய்” என்றேன்.

வீட்டை வாங்கினார். அடுத்த கப்பலில் மனைவி வந்து சேர்ந்தார். ரயிலடிக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னக் கடை போட்டார். சமையலறையில் அம்மி, ஆட்டுக்கல் எல்லாம் ஏறின. பட்டணத்துக் கடைக்கு வரும்போதெல்லாம் என் மனைவிக்கென்று அவர் வீட்டிலிருந்து ஏதாவது ஒன்று வரும். ஒரு நாள் முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து வேகவைத்த வட்டலப்பம் வந்தது. என் மனைவி ரசித்துச் சாப்பிட்டாள். நான் என் பங்கையும் அவள் பக்கம் தள்ளிவிட்டேன். பாலம் பார்க்க அந்தப் பக்கம் போகிற நாட்களில் வீட்டுக்கு வாங்கண்ணே என்று ரயிலடியில் நின்று கூப்பிடுவார். வேலை இருக்கிறது, சீக்கிரம் போக வேண்டும் என்று ஏதாவது சொல்லித் தப்பித்துவிடுவேன். ஒருமுறை அவர் தூரத்தில் வருவதைப் பார்த்துவிட்டு, தட்டி முடித்த கட்டையையே மறுபடியும் தட்டிக்கொண்டு குனிந்திருந்தேன்.

எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. கைகால் எல்லாம் திடமாக, தெரு முழுவதும் கேட்கிற குரலோடு பிறந்தது. அதற்கு நாற்பது நாள்கூட ஆகவில்லை, பாயின் கடை ஆள் ஒருவர் வந்து சேதி சொன்னார். சமையலறை மூலை இறங்கிவிட்டது. அரைத்துக்கொண்டிருந்த அம்மாளும் அம்மியும் சேர்ந்து கீழே விழுந்துவிட்டார்கள். கால் முறிந்துவிட்டது.

அதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது துக்கமில்லை. தொட்டிலைத்தான் திரும்பிப் பார்த்தேன். நல்லவேளை, இங்கே ஒன்றும் ஆகவில்லை என்று நெஞ்சில் ஒரு நிம்மதி வந்தது. ஒரு நொடிதான். அந்த ஒரு நொடிக்காக இத்தனை வருஷம் வெட்கப்பட்டும் அது தீரவில்லை.

போய்ப் பார்த்தேன். அந்த அம்மாளுக்கு முழங்காலுக்குக் கீழே மூங்கில் வைத்துக் கட்டியிருந்தது. எலும்பு கட்டுகிற மலாய்க்காரர், கால் கூடும், ஆனால் நேராகக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். நான் வீட்டின் அடியில் இறங்கினேன். மற்றப் பதினொன்றும் செங்கால். அந்தப் பின்மூலைத் தூண் மட்டும் எப்போதோ மாற்றி நட்ட மட்டமான கட்டை. முறிந்த இடத்தில் கையை வைத்தேன். தவிடு மாதிரி உதிர்ந்தது. அன்றைக்குக் குத்தியிருந்தால் ஊசி பிடிவரை இறங்கியிருக்கும். மேல்பக்கம் சரிந்துவிட்டதே தவிர, புற்று அப்படியே நின்றது.

பாய் பின்னாலேயே குனிந்து வந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு என்னையே தேற்றத் தொடங்கினார். கரையானுக்கு நேரம் காலம் உண்டா, நீங்கள் பார்த்துப்போன பிறகு வந்திருக்கும், அதற்கு நீங்கள் என்ன செய்வீர்கள் என்றார். ஆமாம், ஏழெட்டு மாதத்தில் இப்படித் தின்றுவிடும் என்று தலையாட்டினேன். முதல் பொய்யைப் பயத்தில் சொன்னேன் என்று சாக்குச் சொல்லலாம். இந்த இரண்டாவதற்கு என்னிடம் சாக்கு இல்லை.

செங்கல் அடுக்கி மூலையைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு, புதுத்தூணை நானே கொண்டுவந்து நடுகிறேன் என்றேன். மனதுக்குப் பிடித்த செங்கால் கட்டை கிடைக்க இரண்டு மாதம் ஆயிற்று. அதற்குள் அந்த அம்மாளின் காலில் போட்டிருந்த கட்டு அவிழ்த்தாகிவிட்டது.

அன்றைக்குப் பாயும் நானுமாகக் கட்டையை இழுத்துவந்து அடியில் போட்டோம். புற்றின் ஓரத்தை ஒட்டினாற்போல் குழிக்குக் குறி போட்டேன். மண்வெட்டியை ஓங்கியபோது பாய் என் கையைப் பிடித்தார்.

“ரெண்டு சாண் தள்ளித் தோண்டுங்கண்ணே. புத்துல பட்டுடப் போவுது. வெள்ளிக்கெழமை பொம்பளைங்க வந்து கும்புடுற எடம். நம்ம வீட்லயும் அந்தப் பக்கம் சுடுதண்ணி ஊத்த வேணாம்னு சொல்லி வச்சிருக்கேன்.”

நான் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஈரமண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பதினோரு தூண்தான் பார்த்தேன் என்றேன். கன்னத்தில் போட்டுக்கொண்டதைச் சொன்னேன். அவர் மண்வெட்டியை எடுப்பார் என்று நான் நினைத்ததையும் விடவில்லை. சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை, புற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திட்டினால் நன்றாக இருக்கும் என்று காத்திருந்தேன்.

“அன்னைக்கே சொல்லிருந்தா, அன்னைக்கே தள்ளி ஒண்ணு நட்டிருப்போமேண்ணே” என்றார். பிறகு, “நான் அதை இடிச்சிடுவேன்னா நெனச்சீங்க?” என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலக் கேட்டார். நான் எழுந்து மண்வெட்டியை எடுத்தேன்.

இரண்டு சாண் தள்ளித் தோண்டினோம். தூணை இறக்கி, கல் இடித்து, உத்தரத்தோடு முட்டுக் கொடுத்தோம். அவர் என்னோடு முன்போலவே வேலை செய்தார், கட்டையைப் பிடி என்றால் பிடித்தார், விடு என்றால் விட்டார். அப்போது மேலே அந்த அம்மாள் சமையலறைக்குள் வந்தார். என் காது மரத்தின் சத்தத்துக்குப் பழகியது. வேண்டாமென்றாலும் கேட்கும். பலகையில் ஒரு காலடி அழுத்தமாக விழுந்தது. அடுத்தது இழுபட்டது. மறுபடியும் ஒன்று விழுந்தது, ஒன்று இழுபட்டது. எங்கள் தலைக்கு நேர் மேலே வந்து நின்றது.

“அண்ணே, இப்ப எல்லாம் சரியா இருக்கா?” என்று பலகை இடுக்கு வழியாக அந்த அம்மாள் கேட்டார்.

பாய் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தி, எனக்குப் பதிலாக அவரே, “பன்னெண்டையும் பார்த்துட்டாரு, சரியாத்தான் இருக்கு” என்றார்.