வாசல் பக்கத்துக்காரர்

கம்பளக்காரர் இறந்தபோது தெருவே திரண்டு வந்து, எப்பேர்ப்பட்ட தொழில்காரர் போய்விட்டார் என்று அவர் மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனது. அவளும் தலையாட்டினாள். சாவு வீட்டில் யாரோடு சண்டை பிடிப்பது?

அவர் கற்றுத் தேர்ந்த தொழில் பேச்சு. "எங்க ஆடுங்களுக்கு ஊசி கிடையாது, மூட்டைத் தீவனம் கிடையாது. இஷ்டத்துக்கு மேயும், இஷ்டத்துக்குத் தூங்கும்" என்பார். வாங்க வந்தவர்கள் உருகிப்போவார்கள். அப்படி இஷ்டத்துக்கு மேய்ந்து பக்கத்து வீட்டு அவரைப் பந்தலை மொட்டையடித்த கதை மட்டும் அவர் வாயில் வந்ததே இல்லை. அதற்கு ஏச்சு வாங்கியவள் மனைவி. இயற்கையாக வளரும் ஆடு இயற்கையாகவே முள்ளிலும் புரளும். ரோமத்தில் சிக்கிய முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்கியதும் அவள்தான். கம்பளத்தில் தொங்கும் அட்டையில் 'இயற்கை' என்றுதான் இருந்தது. அவள் விரல்களைப் பற்றி ஒரு வரி இல்லை.

இந்தக் கம்பளத்துக்குத் தறியும் வேண்டாம், நூலும் வேண்டாம். கழுவிச் சீவிய ரோமத்தை மேசையில் விரித்த பாய்மேல் அடுக்கடுக்காகப் பரப்பி, சோப்புக் கரைத்த வெந்நீர் தெளித்து, பாயோடு சுருட்டிக் கட்ட வேண்டும். பிறகு இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்று, முழங்கை வரை அழுத்தி உருட்ட வேண்டும். உருட்ட உருட்ட ரோமம் பின்னிக்கொண்டு, சுருங்கிக் கெட்டியாகும். அழுத்தம் கூடின பக்கம் கூடுதலாகச் சுருங்கும்.

அவள் நின்றது அடுப்புப் பக்கம். அவர் வாசல் பக்கம். ஆவி வெளியேற அந்தக் கதவு எப்போதும் திறந்தே கிடக்கும். தெருவில் போகிறவர்களை வேடிக்கை பார்க்கத்தான் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டார் என்பது இருபத்திரண்டு வருடமாக அவளுடைய தீர்ப்பு. அவர் உருட்டுவது குழந்தையைத் தட்டித் தூங்கவைப்பதுபோல் இருக்கும். அதனால் அவர் பக்கம் சுருங்காது, இவள் பக்கம் சுருங்கிவிடும். சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், தன் பக்கம் நான்கு விரல் நீளம் கூட்டியே பரப்பப் பழகிக்கொண்டாள். முடிவில் கம்பளம் நேராக வரும். பாராட்டு வாசல் பக்கம் போகும்.

அவர் போன பிறகு உருட்ட வந்தவள் நாத்தனார். தண்ணீர்க் குடத்தை இரண்டு இரண்டாகத் தூக்குகிற உடம்பு. தடித்த ஸ்வெட்டர் ஒன்றை மாட்டிக்கொண்டு வாசல் பக்கம் நின்றாள். இருவரும் செய்த முதல் கம்பளத்தைப் பிரித்தபோது, அடுப்புப் பக்கம் வால் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணி, இது கம்பளமா, காத்தாடியா?"

"உங்க அண்ணன் சோம்பேறித்தனத்துக்குச் சேர்த்துப் பரப்பிட்டேன். கை தானா நீட்டிடுச்சு."

"செத்தவரை இன்னும் திட்டுறீங்களே!"

"இருக்கும்போது திட்டினது எதுவும் காதுல ஏறல. இப்பவாவது ஏறட்டும்."

கடைக்கார அம்மாள் அந்தக் கோணலைப் பார்த்துவிட்டு மென்மையாகவே சொன்னாள். "அடுத்ததாவது நேரா வரணும்மா. இல்லேன்னா இத்தோட நிறுத்திக்கலாம்." அவர் போன பிறகு அந்த ஒரு கடைதான் அவளிடம் வாங்கியது. அது நின்றால் ஆடுகளை விற்றுவிட்டுத் தம்பி வீட்டு மாடியறையில் ஒண்டிக்கொள்ள வேண்டியதுதான்.

இந்த முறை டேப் வைத்து அளந்து பரப்பினாள். ஆனால் நாத்தனார் அழுத்துகிற அழுத்தில் வாசல் பக்கம் சுருங்கிவிடுமே?

"பாதியில இடம் மாத்திக்கலாம் அண்ணி."

"அது அவர் இடம்."

"சிம்மாசனமா அது? நகருங்க."

நகர்ந்தாள். நனைந்த கையோடு வாசல் பக்கம் அவள் நின்றது அன்றுதான் முதல் தடவை. உருட்ட ஆரம்பித்துச் சற்று நேரத்தில் கதவு வழியாக வந்த வாடைக்காற்று ஈர முழங்கையில் ஊசியாக இறங்கியது. கொஞ்ச நேரத்தில் விரல் மரத்துவிட்டது. அழுத்துகிறேன் என்று நினைத்தாள். கை தட்டிக்கொடுத்துக் கொண்டிருந்தது. வேடிக்கை பார்க்கலாம் என்று நிமிர்ந்தால், அந்த இடத்திலிருந்து தெருவே தெரியவில்லை, எதிர் வீட்டுச் சுவர்தான்.

"இங்க கதகதன்னு இருக்கே, இத்தனை நாளா சொல்லவே இல்ல!" என்றாள் நாத்தனார், அடுப்புப் பக்கமிருந்து.

"அவரும்தான் சொல்லல," என்றாள் இவள். "ஊர் உலகத்துக்கெல்லாம் கதை அளந்த மனுஷன். இதை மட்டும் வாயில கொழுக்கட்டை வச்ச மாதிரி..." பற்களைக் கடித்துக்கொண்டு உருட்டினாள். கதவைச் சாத்தலாமா என்று நாத்தனார் கேட்டாள். வேண்டாம் என்றாள்.

கடைக்கார அம்மாள் நான்கு பக்கமும் டேப் பிடித்துப் பார்த்தாள். ஒரு நூல்கூட வித்தியாசம் இல்லை.

"அப்படியே சாரோட கைவேலை!" என்றாள்.

நாத்தனார் பயந்துபோய் அண்ணியின் முகத்தைப் பார்த்தாள்.

"ஆமாங்க," என்றாள் அவள். "வாசல் பக்கம் நின்னது அவர்தான்."

கடைக்கார அம்மாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அடுத்த கம்பளத்துக்கு அளவு சொல்ல ஆரம்பித்தாள்.